கயிற்றுக்கு இரண்டு முனை

17 நவம்பர் 1958, திங்கள்

விடியலிலிருந்து மழை. யூனிபாரம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தே காயவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். முதுகெல்லாம் ஈரம்.

நல்ல சேதி: ஸ்காட்லாந்து உறுதி. நர்சுகளுக்குப் பிரசவப் பயிற்சி, ஒரு வருடம். ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து கப்பல். மலாக்காவில் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர். நான் ஒன்று, பவளம் ஒன்று.

அதைவிட நல்ல சேதி: மேட்ரன் கூப்பிட்டு டீ கொடுத்தார். இந்தம்மா ஸ்காட்லாந்துக்காரர். வேலையை முடித்துக்கொண்டு அவரும் ஊருக்குக் கிளம்புகிறார். சாமான் கட்டும்போது கிடைத்ததாம், ஒரு பழைய ஆல்பம். கறுப்புத் தாளில் வெள்ளை வெள்ளையாக மலை. மலை முழுக்கப் பனி. அதில் ஐந்தாறு பெண்கள், கால்சட்டை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, வரிசையாக ஏறுகிறார்கள். நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நம் மேட்ரன்! கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் கத்துகிற அதே மேட்ரன்.

"குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் போவோம். கோடையில் ஏறுவது உலாப் போவது மாதிரி. பனியில் ஏறுவதுதான் ஏறுவது" என்றார்.

நானும் போகலாமா என்று கேட்டுவிட்டேன். வாய் கேட்டுவிட்டது, மூளைக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய பழைய தோழி அங்கே இன்னும் பெண்களைக் கூட்டிப் போகிறாராம். ஒரு நிபந்தனை. புதிதாக வருகிறவர் தனியாக வரக்கூடாது. ஜோடியாக வரவேண்டும், கயிற்றில் ஏற்கெனவே பழகிய ஜோடி.

"கயிறு என்றால் இரண்டு முனை. ஒன்றில் நீ. இன்னொன்றில் யார்?"

யார்? பவளமா? கடவுளே, வேறு ஆளே கிடைக்கவில்லையா.


19 நவம்பர், புதன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

பவளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை:
– காய்ச்சல் சார்ட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவாள்.
– தலையில் தேங்காயெண்ணெய் வழியும். பின்னல் இடுப்புக்குக் கீழே. தொப்பிக்குள் அதை எப்படிச் சுருட்டி வைக்கிறாள் என்பது பெரிய அதிசயம்.
– நான் வார்டில் பாடியதை சிஸ்டரிடம் கோள் சொன்னாள். (கிழவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது.)
– சிரித்து யாரும் பார்த்ததில்லை.
– அப்பா இல்லை. அம்மா காஜா பெராங் முச்சந்தியில் தோசைக்கடை. ஒரே மகள்.

துணி அறையில் வைத்துக் கேட்டேன். போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மலையா? எதுக்கு?"

"சும்மா. ஏறிட்டு எறங்குறதுக்கு."

"எறங்குறதுக்கு எதுக்கு ஏறணும்?"

மூலைக்கு மூலை சேர்த்து மடித்து முடித்தாள். "எனக்கு வேணாம் சாரதா." அவ்வளவுதான். போர்வையோடு போய்விட்டாள்.

அதே கப்பலில் கோலாலம்பூரிலிருந்து இரண்டு நர்சுகள் வருகிறார்களாம். மேட்ரனிடம் முகவரி வாங்கி இரண்டு பேருக்கும் எழுதிப் போட்டேன்.

அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டில்: "பனிமலைக்குப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லாத. கைலாசத்துக்குப் போறேன்னு நெனச்சு மாலையோட வந்துருவாங்க."


23 நவம்பர், ஞாயிறு

மந்தாரம். காற்றே இல்லை.

மேட்ரன் வீட்டுக்குப் போய் வந்தேன். பனியில் படி வெட்டி ஏறுகிற பனிக்கோடரி கொடுத்தார்! பரிசாகவே. இருபது வருடமாக அவரோடு ஊர் ஊராக வருகிறதாம். நான் போனபோது அது தோட்டத்தில் இருந்தது. தோட்டக்காரர் அதை வைத்து மரவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். கொடுக்க மனமே இல்லை அவருக்கு. "நல்ல சாமான் மிஸ்ஸி. கெழங்கு முறியாம வரும்."

கூடவே மேட்ரனின் பழைய ஆணி வைத்த பூட்ஸ். தோல் வெடித்து அப்பளம் மாதிரி கிடக்கிறது. ஏதாவது கொழுப்புத் தடவு, மிருதுவாகும் என்றார்.

சைக்கிள் பின்னால் கோடரியைக் கட்டிக்கொண்டு வீடு வரை வந்தேன். காஜா பெராங் ரோடு முழுக்க வேடிக்கை.

"மிஸ்ஸி, கெணறு தோண்டவா?"

"ஆப்பரேசன் கத்தி இப்ப இந்த சைசுல வருதா?"

பல தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிமார் வீட்டு வாசலில் நின்ற அம்மாள் மலாயில் கேட்டார், புதையல் எங்கே கிடைத்தது என்று. முகத்தில் நீறு, பெயர் மீனாட்சி, தமிழ் ஒரு வார்த்தை கிடையாது. பனிமலை என்பதற்கு மலாயில் எனக்குச் சொல் தெரியவில்லை. ஐஸ் மலை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரப்பு ஊற்றித் தருவார்களா என்று கேட்டார்.

கயிறு: அண்ணன் துறைமுக ஆபீஸில் கேட்டு மணிலாக் கயிறு வாங்கி வந்திருக்கிறார். தொங்கான் படகு கட்டுகிற கயிறு. மீன் நாற்றம்.

ஏறிப் பழக லேடாங் மலைக்குப் போலீசில் அனுமதி கேட்டோம். கிடையாது. காட்டுக்குள் இன்னும் கம்யூனிஸ்ட் ஆட்கள் இருக்கிறார்களாம். சுதந்திரம், மெர்டேக்கா, வந்து வருடம் ஒன்றாகிவிட்டது, மலைக்கு இன்னும் வரவில்லை. காலையில் கிளேபாங் கடற்கரையிலிருந்து பார்த்தால் லேடாங் நீலமாகத் தெரிகிறது. பார்க்க மட்டும் அனுமதி வேண்டாம்.


27 நவம்பர், வியாழன்

முந்தாநாள் குளிக்கும்போது தோன்றியது. மலாக்காவில் பனி எங்கே இருக்கிறது? ஐஸ் கம்பெனியில்!

ஐஸ் கம்பெனியில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் காசிம் பாய். போன வருடம் அவர் மகள் பிறந்தது என் கையில்தான். தலை திரும்பாமல் எல்லாரையும் பயமுறுத்திய குழந்தை. அதனால் நான் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது. கோடரியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"மொதலாளி தவுக்கே கேட்டா என்ன மிஸ்ஸி சொல்றது?"

"பயிற்சின்னு சொல்லுங்க பாய்."

"பிரசவத்துக்கா?"

கடைசியில் ஓர் ஏற்பாடு. விடிகாலையில் மீன்காரர்கள் வருவதற்கு முன் நான் போய்க் கொத்தவேண்டும். கொத்தின தூளையெல்லாம் கூடையில் அள்ளி மீனுக்குக் கொடுத்துவிடுவார். எப்படியும் ஆள் வைத்து உடைக்கவேண்டிய ஐஸ்தானே.

உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகர டின்களைச் சங்கிலியில் தூக்குகிறார்கள். டின்னைக் கவிழ்த்தால் ஆள் உயரத்துக்கு ஒரு கட்டி. குளிர் அறையில் கட்டிகளைச் சாய்த்து அடுக்கி எனக்கு ஒரு மலை கட்டிக் கொடுத்தார் பாய். தரையில் மரத்தூள். மூச்சு விட்டால் புகை. நான் சும்மாவே பத்து தடவை மூச்சு விட்டுப் பார்த்தேன்.

இன்று விடியலில் முதல் கொத்து: கோடரி எகிறி வந்தது. இரண்டாவது: எகிறி வந்தது. மூன்றாவது கொத்தில் உடைந்தது, ஆனால் படி வரவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம், அண்டா வைக்கலாம். மீன் விற்கும் மலாய்க்கார அம்மா மட்டும் பாராட்டினார். தூள் இவ்வளவு நைசாக எந்த ஆளும் உடைத்ததில்லையாம்.

கை ஓய்ந்துவிட்டது. டூட்டியில் தெர்மாமீட்டரை உதறமுடியவில்லை. ஆனாலும் சந்தோஷம். ரொம்ப சந்தோஷம்.


30 நவம்பர், ஞாயிறு

கோலாலம்பூரிலிருந்து இரண்டு பதிலும் ஒரே தபாலில். ஒருத்திக்குப் போன மாதம் நிச்சயமாகிவிட்டதாம், பயணமே இல்லையாம். மற்றவள் "உயரம் என்றால் எனக்கு மாடிப்படியே அதிகம்" என்று எழுதியிருக்கிறாள். நேர்மையான பெண்.

ஆக, யாருமில்லை. மத்தியானம் சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் கிண்டல் பண்ணாமல் இருந்தார், அதுவே கவலையாக இருந்தது.

சாயங்காலம் வார்டில் பவளம் பக்கத்தில் வந்து நின்றாள். வேலை இல்லாமல் நிற்கிற ஆளில்லை.

"அங்க எவ்வளவு குளுரும்?"

தெரியாது என்றேன்.

"நான் போகல. மேட்ரன்கிட்ட சொல்லிரலாம்னு இருக்கேன்."

தூக்கிவாரிப் போட்டது. பரீட்சையில் முதலாவதாக வந்தவள் அவள். நான் தேறியவர்களில் கடைசிக்கு ஒன்றிரண்டு முன்னால். விஷயம் குளிர். பட்டாளத்தில் இருந்த அவள் அம்மாவின் சொந்தக்காரர் யாரோ சொன்னாராம், பனியில் படுத்தால் ரத்தம் கட்டிப்போகும், எழுந்திருக்க முடியாது என்று. அம்மா அன்றிலிருந்து அழுகை. அழுது அழுது இவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

"நீ நர்சு. ரத்தம் எப்படிக் கட்டும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பயம் அதைக் கேக்கமாட்டேங்குதே."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. பாவமாக இருந்தது. "குளுரை ஒரு தடவை நேர்ல பாரு. பாத்துட்டு வேணாம்னு சொல்லு" என்றேன். ஐஸ் கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருவாளா, தெரியாது.


3 டிசம்பர், புதன்

வந்தாள்!!

யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர், தலையில் துண்டு. எனக்கு மேட்ரனின் பூட்ஸ். நேற்றே தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருந்தேன். வாழைத்தோல் மாதிரி அவ்வளவு மிருது. பெருமையாகக் காட்டினேன்.

குளிர் அறைக்குள் கொஞ்ச நேரம்தான். பூட்ஸ் வளைய மறுத்தது. குனிந்து பார்த்தால் வெள்ளை. மெழுகு ஊற்றின மாதிரி கட்டியாக, நாடாவோடு சேர்ந்து. இரண்டு விறகுக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தேங்காயெண்ணெய் உறையும் என்று யாருக்குத் தெரியும்? இந்த ஊரில் அது தண்ணீர் மாதிரி அல்லவா இருக்கும்.

பவளம் என் காலைப் பார்த்தாள். மெல்லத் துண்டை அவிழ்த்தாள். நெற்றியோர முடியெல்லாம் வெள்ளை. பின்னலைத் தொட்டால் கம்பு. அசைத்தால் மொத்தமாக அசைகிறது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயம். அப்புறம் அவள் கண்ணில் என் தலை பட்டது. என் நெற்றியிலும் அதே நரை. நான் என்னமோ எண்ணெயே வைக்காதவள் மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரித்தாள். பவளம் சிரித்தாள்! முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. மரத்தூளில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காசிம் பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா மிஸ்ஸி, ரெண்டு பேரும் உள்ள போறப்ப கொமரு, இப்ப கெழவி?" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அப்புறம் கோடரியை வாங்கினாள். ஒரு கட்டியில் விரலால் கோடு இழுத்தாள், சார்ட்டில் போடுவது போல. கொத்தினாள். படி. அதற்கு மேல் இன்னொரு படி. எல்லாம் ஒரே அளவு. நான் கொத்தினது அண்டா, இவள் கொத்துவது அலமாரித் தட்டு. பொறாமை வந்தது, பொய் சொல்லவில்லை.

வெளியே வந்து வெயிலில் நின்றோம். தலையிலிருந்து எண்ணெய் வழிந்து முகமெல்லாம் பளபள. துடைத்துக்கொண்டே சொன்னாள்: "குளுரு இவ்வளவுதானா?"


7 டிசம்பர், ஞாயிறு

நேற்று நல்ல மழை, இன்று புல் வழுக்கு. மேட்ரன் சொன்னபடி பண்டார் ஹிலிரில் செயின்ட் பால் குன்றுக்குப் போனோம். ஈரப்புல் சரிவு பனி மாதிரித்தான் வழுக்குமாம். அண்ணனின் கால்சட்டை இரண்டு, இடுப்பில் துணி நாடா. கயிற்றை இரண்டு பேரும் கட்டிக்கொண்டோம். பவளம் என் முடிச்சைப் பார்த்துவிட்டு அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

நான் முன்னால். திரும்பி லேடாங் தெரிகிறதா என்று பார்த்தேன். அவ்வளவுதான், கால் போனது. கோடரியைப் புல்லில் குத்தி நிறுத்தவேண்டும் என்பது பாடம். கோடரி எங்கேயோ, நான் எங்கேயோ. பவளத்தையும் தாண்டி வேகமாகக் கீழே போகிறேன். கீழே கல் சுவர்.

இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. நின்றுவிட்டேன்.

மேலே பவளம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு குதிகாலையும் மண்ணில் புதைத்து, கயிறு முதுகைச் சுற்றி, முகம் சிவந்து. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. ஏறிப் போய்க் கையைப் பார்த்தேன். என் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

"சாரதா, இதை சார்ட்ல எழுதணுமா?"

பவளத்தின் முதல் ஜோக். பதிவு செய்துகொள்கிறேன்.

அங்கேயே புல்லில் உட்கார்ந்து, அவள் அம்மா கொடுத்த தோசையைப் பிய்த்துத் தின்றோம். ஸ்காட்லாந்துக்கு வருகிறாள்! மலைக்கும் வருகிறாள்! அவளாகவே சொன்னாள். இறங்கும்போது நான் பாடினேன். இந்தத் தடவை பவளம் யாரிடமும் கோள் சொல்லவில்லை. வயலெட்டுப் பூப்போட்ட சட்டையில் ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் படம் எடுத்துக்கொண்டார்.


10 டிசம்பர், புதன்

எல்லாம் கெட்டது.

நேற்று பவளம் தலைக்கு அரப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்பியிருக்கிறாள். பனிக்குத் தயாராகிறாளாம். அம்மா வாசலில் மறித்துவிட்டார். அதே நேரம் கடைக்குத் தோசை வாங்க வந்த யாரோ, "ஒங்க மக பண்டார் ஹிலிர்ல கயிறு கட்டி உருண்டுச்சே, என்னா வேண்டுதல்?" என்று கேட்டு வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் பவளத்தின் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் மாவு காய்ந்திருந்தது. அண்ணன், "வாங்கக்கா, பசியாறுங்க" என்று நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"ஏம்மா, நீயே சொல்லு. எண்ணெ வச்சா தலையில கல்லா ஒறையுதுங்குறீங்க. வைக்காம விட்டா அது எழவு வீட்டுத் தலை. தாலியறுத்த நாள்ல நான் இருந்த மாதிரி என் மக இருக்கணுமா? எண்ணெ வச்சாலும் ஆகாத, வைக்காட்டியும் ஆகாத ஊருக்கு ஏம்மா போகணும்?"

நான் வாயாடி. ஊருக்கே தெரியும். ஆனால் இது வாயாடுகிற விஷயம் இல்லை. கிண்டல் பண்ணுகிற விஷயமும் இல்லை. அந்த அம்மா அழாமல்தான் பேசினார்.

அவர் போனபிறகு அண்ணன், "வேற ஆள் பாப்போமா?" என்றார். வேறு ஆள் வேண்டாம். வேறு ஆளோடு எனக்கு மலையே வேண்டாம். அவள் மலை ஏறாவிட்டாலும் போகட்டும், கப்பல் ஏறினால் போதும். அவ்வளவு கெட்டிக்காரி இங்கேயே நின்றுபோகக்கூடாது.

திங்கட்கிழமை மேட்ரன் இரண்டு பேரிடமும் கையெழுத்துக் கேட்பார்.


14 டிசம்பர், ஞாயிறு

தூறல். சைக்கிள் டயர் ஓட்டை.

பவளம் பேசுவதில்லை. தலையில் பழையபடி எண்ணெய், பழையபடி பின்னல். ஸ்கேல், கோடு. உள்ளங்கைக் காயத்துக்கு நான்தான் மருந்து போட்டேன். கையை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தனியாக ஐஸ் கம்பெனி. மனமில்லாமல் கொத்தினேன். தூள்கூடச் சரியாக வரவில்லை. மீன்கார அம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

காசிம் பாய் பேச்சுக் கொடுத்தார். நேற்று ஒரு தோசைக்கடை அம்மா தூக்குச்சட்டியில் ஐஸ் வாங்கிப் போனாராம். தோசைக்காரருக்கு ஐஸ் எதற்கு என்று இவருக்குக் குழப்பம். எனக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பில்லை. வெயிலுக்கு இருக்கும் என்றேன். நேற்று வெயிலே இல்லை.

அண்ணன் என் பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தார். நான்கு கம்பளி உள்ளாடை, ஒன்று கடிக்கிறது.


15 டிசம்பர், திங்கள்

மழை விட்டுப் பளிச்சென்ற காலை. வார்டு பின்மாடியிலிருந்து லேடாங் நன்றாகத் தெரிந்தது.

துணி அறையில் நின்றிருந்தேன். திடீரென்று தோசை வாசனை. யாரடா வார்டுக்குள் தோசை சுடுவது என்று திரும்பினால் பவளம். தலை பளபளவென்று, நடுவகிடு, பின்னல். பக்கத்தில் வர வர வாசனை.

"நல்லெண்ணெ" என்றாள்.

"இன்னிக்கி என்ன, தீபாவளியா?"

"அம்மா வச்சு விட்டாங்க."

சொல்லிக்கொண்டே வந்தாள், மூச்சு விடாமல். சனிக்கிழமை அம்மா ஐஸ் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு டம்ளர். ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் தீபாவளிக்கு வாங்கி மிஞ்சின நல்லெண்ணெய். இரண்டையும் ஐஸில் புதைத்து வைத்துவிட்டு மாவு ஆட்டப் போயிருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. வந்து பார்த்தால் தேங்காயெண்ணெய் கல். டம்ளரைக் கவிழ்த்தாலும் விழவில்லை. நல்லெண்ணெய் ஓடியிருக்கிறது. நம்பாமல் நேற்று மறுபடியும் ஐஸ், மறுபடியும் இரண்டு டம்ளர். மறுபடியும் ஓடியிருக்கிறது.

இன்று காலை மகளை மணையில் உட்காரவைத்து, தலை நிறைய அதையே வைத்துப் பின்னிவிட்டுச் சொன்னாராம்: "இது ஒறையல. போயிட்டு வா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போர்வையில் துடைத்துக்கொண்டேன். மேட்ரன் பார்த்திருந்தால் தொலைந்தேன்.

மேட்ரன் அறையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர் மூக்கை உறிஞ்சி, இது என்ன வாசனை என்றார். பவளம், குளிர்கால மலையேற்றச் சாமான் மேடம் என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லாமல்!! இரண்டாவது ஜோக்.

ஸ்காட்லாந்துத் தோழிக்கு மேட்ரன் இன்றே எழுதுகிறாராம், ஜோடி வருகிறது என்று.

சாயங்காலம் பவளத்தின் அம்மா எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார், வாய் வரை நிரப்பி. "கூட்டாளிக்கும் குடு. அது தலையும் தலைதானே" என்றாராம். பெட்டியில் கம்பளிக்கு நடுவே வைத்தேன். மூடியில் துணி சுற்றிக் கட்டினேன். பவளம் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.